'வயசானா வர்ற வலிதானே!' - பட்டாளத்து அப்பாக்களின் கழுத்தும் முதுகும்... நிராகரிச்ச டிசெபிலிட்டி பென்ஷனுக்கு அப்பீல் பண்றது எப்படி?

உங்க வீட்டுப் பரண் மேலயோ கட்டிலுக்கு அடியிலயோ ஒரு கறுப்பு ட்ரங்குப் பெட்டி இருக்கா? மூடி மேல வெள்ளை பெயின்ட்ல நம்பர், ரேங்க், பேர் எழுதியிருக்குமே... அதேதான். கொட்டாரம், பொற்றையடி, அகஸ்தீஸ்வரம், மயிலாடி, அஞ்சுகிராமம்னு நம்ம பக்கத்துல பட்டாளத்துக்குப் போய்த் திரும்பினவங்க வீட்டுல இந்தப் பெட்டியைப் பார்க்கலாம். கன்னியாகுமரியில ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, ஜம்மு வரைக்கும் மூணு ராத்திரி கூடவே பயணம் பண்ணின பெட்டி.

பெட்டியோட ஊர் வந்து சேர்ந்தவர், பலநேரம் இன்னொண்ணையும் சேர்த்தே கொண்டு வந்திருப்பார். கழுத்து வலி, இல்லைன்னா முதுகு வலி. பைக்ல திரும்பிப் பார்க்க முடியாது. சட்டைப் பட்டன் போடுறப்ப விரல் மரத்துப் போகும். "டாக்டர்ட்ட போலாமாப்பா?"ன்னு கேட்டா, "போ மக்கா, வயசானா வர்றதுதான்"னு பதில் வரும்.

சிக்கல் என்னன்னா, கிட்டத்தட்ட இதே பதிலைத்தான் ராணுவ மெடிக்கல் போர்டும் எழுதி, டிசெபிலிட்டி பென்ஷனை மறுக்குது. அந்த ஒரு வரியை ஏத்துக்கிட்டு பேப்பரைப் பெட்டியில போட்டுப் பூட்டினவங்க நிறைய பேர். அந்த வரியைக் கேள்வி கேட்க சட்டத்துல வழி இருக்கு. அதுக்குத் தேவையான முக்கால்வாசி வேலையை, கையில ஸ்மார்ட்போன் வச்சிருக்கிற நீங்களே செய்யலாம்.

யாருக்கு இந்த பென்ஷன்?

ராணுவம், கடற்படை, விமானப்படையில இருந்து வெளிய வர்ற ஒருத்தருக்கு உடம்புல ஒரு குறைபாடு இருந்தா, ரெண்டு கேள்வி கேட்பாங்க.

ஒண்ணு, அந்தக் குறைபாடு சர்வீஸ்னால வந்ததா? இதுக்கு 'அட்ரிப்யூட்டபிள்'னு பேர். இல்லைன்னா, வேற காரணத்தால வந்து சர்வீஸ்னால அதிகமாச்சா? இது 'அக்ரவேட்டட்'. ரெண்டுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே போதும். நிறைய பேர் முதல் கேள்வியிலேயே நின்னுடுறாங்க. கழுத்து, முதுகு வழக்குகள்ல பல நேரம் கைகொடுக்கிறது ரெண்டாவதுதான்.

ரெண்டு, குறைபாடு எத்தனை சதவிகிதம்? முழு சர்வீஸ் முடிச்சு வந்தவருக்கு 20 சதவிகிதமாவது இருக்கணும். 15, 10னு போர்டு எழுதியிருந்தா டிசெபிலிட்டி பணம் கிடையாது. 2019 டிசம்பர்ல விங் கமாண்டர் எஸ்.பி.ரத்தோர் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை உறுதி பண்ணியிருக்கு. ஆனா, உடம்பு சரியில்லைன்னு ராணுவமே பாதியில வெளிய அனுப்பின ஆளுக்குக் கதை வேற. அப்படி அனுப்புற அளவுக்கு இருந்த குறைபாட்டை 20 சதவிகிதத்துக்கு மேலதான்னு எடுத்துக்கணும்னு 2014-ல சுக்விந்தர் சிங் வழக்குல அதே கோர்ட் சொல்லியிருக்கு.

சொந்த விருப்பத்துல முன்கூட்டியே வெளிய வந்தவங்க, 'நமக்கு இது கிடையாது'ன்னு நினைச்சு விட்டிருப்பாங்க. 2006 ஜனவரி 1-லயோ அதுக்குப் பிறகோ அப்படி வந்திருந்தா, அவங்களும் கேட்கலாம்.

எவ்வளவு வித்தியாசம் வரும்?

100 சதவிகிதக் குறைபாட்டுக்கு, கடைசியா வாங்கின சம்பளத்துல 30 சதவிகிதம். இதுதான் அடிப்படை. குறைபாடு குறைஞ்சா அதே விகிதத்துல தொகையும் குறையும்.

இங்கதான் 'பிராட்பேண்டிங்'னு ஒரு விஷயம் வருது. போர்டு 50-க்குக் கீழ என்ன எழுதியிருந்தாலும் அது 50 ஆகும். 50-லிருந்து 75 வரைக்கும் 75 ஆகும். 76-க்கு மேல 100 ஆகும். ரொம்ப நாளா இந்தச் சலுகை பாதியில அனுப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தான்னு இருந்துச்சு. முழு சர்வீஸ் முடிச்சவங்களுக்கும் உண்டுன்னு 2014 டிசம்பர் 10-ல ராம் அவதார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

ஒரு கணக்குப் போடுவோம். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. அதுல 30 சதவிகிதம் 12,000. போர்டு எழுதினது 20 சதவிகிதம்னா, 2,400 ரூபாய். பிராட்பேண்டிங் பண்ணி 50 ஆனா, 6,000 ரூபாய். வழக்கமான பென்ஷனுக்கு மேல, மாசா மாசம், ஆயுசு முழுக்க வர்ற பணம். இதுக்கு அகவிலைப்படியும் உண்டு. ஏற்கெனவே 20, 30 சதவிகிதத்துக்குப் பணம் வாங்கிட்டிருக்கிறவர் வீட்டுலயும் ஒருதடவை பி.பி.ஓ-வை எடுத்துப் பாருங்க. பிராட்பேண்டிங் விட்டுப்போயிருந்தா அதுக்கும் மனு போடலாம்.

ஒரு எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21-லிருந்து புது விதித்தொகுப்பு வந்திருக்கு. அதுக்குப் பிறகு வெளிய வந்தவங்க, இங்க சொல்ற கணக்கையும் பழைய தீர்ப்புகளையும் அப்படியே எடுத்துக்காம, புது விதியை வச்சுப் பார்க்கணும்.

கழுத்தையும் முதுகையும் மட்டும் ஏன் இவ்வளவு சுலபமா மறுக்கிறாங்க?

குண்டடி பட்டா தழும்பு இருக்கும், தேதி இருக்கும், ரிப்போர்ட் இருக்கும். முதுகெலும்புக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. கழுத்துல 7, நெஞ்சுப் பகுதியில 12, இடுப்புல 5 எலும்புகள். அதுக்கு நடுநடுவுல மெத்தை மாதிரி டிஸ்க். வருஷக்கணக்கா பாரம் தூக்கி, ஹெல்மெட் போட்டு நின்னு, மூணு டன் வண்டியை மலைப்பாதையில ஓட்டி, குலுங்கிக் குலுங்கி, அந்த டிஸ்க் கொஞ்சம் கொஞ்சமா தேயும், பிதுங்கும், நரம்பை அழுத்தும். எந்த நாள்ல ஆரம்பிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டாளத்துக்கே போகாத ஆளுக்கும் வயசு ஏற ஏற எக்ஸ்ரேயில தேய்மானம் தெரியும். வலியே இல்லாதவங்களுக்கும்கூட தெரியும். இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போர்டு எழுதுது. பேப்பர்ல இந்த வார்த்தைகளைத் தேடுங்க.

* 'டீஜெனரேட்டிவ்', 'கான்ஸ்டிட்யூஷனல்' - அதாவது, வயசாலயோ உடல்வாகாலயோ வந்தது.
* 'ஆன்செட் இன் பீஸ் ஏரியா' - நோய் தொடங்கினப்ப நீங்க எல்லையில இல்லை, அமைதியான ஊர்ல இருந்தீங்க.
* 'நோ ஹிஸ்டரி ஆஃப் டிராமா' - அடிபட்டதுக்குப் பதிவு இல்லை.
* கடைசியா, 'நெய்தர் அட்ரிப்யூட்டபிள் டு நார் அக்ரவேட்டட் பை மிலிட்டரி சர்வீஸ்.' சுருக்கமா, 'நானா'.

நோய் பேர் 'செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்', 'லம்பார் ஸ்பாண்டிலோசிஸ்', 'பி.ஐ.வி.டி எல்4-எல்5' இப்படி இருக்கும். பி.ஐ.வி.டி-ன்னா நம்ம ஊர்ல 'டிஸ்க் விலகிடுச்சு'ன்னு சொல்றது.

கோர்ட் என்ன சொல்லுது?

இந்த விஷயத்துல எல்லா வக்கீலும் முதல்ல எடுக்கிற பேர் தரம்வீர் சிங். 1985-ல சிக்னல்ஸ் பிரிவுல சேர்ந்தவர். 1994-ல வலிப்பு நோய்னு சொல்லி வெளிய அனுப்பினாங்க. குறைபாடு 20 சதவிகிதம். 'சர்வீஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை'ன்னு பென்ஷனை மறுத்தாங்க. 2013 ஜூலை 2-ல சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு கொடுத்துச்சு. அவருக்கு வந்தது வலிப்பு, முதுகுவலி இல்லை. ஆனா, அந்தத் தீர்ப்பு சொன்ன முறை எல்லா நோய்க்கும் பொருந்தும்.

1. சேரும்போது 'முழு ஃபிட்'னு எடுத்திருக்காங்க. அப்ப எந்த நோயும் குறிச்சு வைக்கலைன்னா, அவர் நல்ல உடம்போடத்தான் சேர்ந்தார்னு எடுத்துக்கணும். பிறகு உடம்பு கெட்டதுன்னா அது சர்வீஸ்னாலன்னு அனுமானிக்கணும்.

2. 'சர்வீஸ்னாலதான் வந்துச்சு'ன்னு நிரூபிக்கிற பாரம் ராணுவ வீரர் தலையில கிடையாது. நியாயமான சந்தேகம் இருந்தா, அதோட பலன் அவருக்குத்தான்.

3. சேரும்போது செஞ்ச பரிசோதனையில இந்த நோயைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாதுன்னு போர்டு சொன்னா, அதுக்குக் காரணம் எழுதணும். சும்மா ஒரு வரி போதாது.

4. ஆயுதப்படை மருத்துவ சேவை விதிகள்ல 423-ன்னு ஒரு பத்தி இருக்கு. குறைபாட்டுக்கான காரணம் களப் பகுதியில நடந்ததா, அமைதிப் பகுதியில நடந்ததாங்கிறது முக்கியமில்லைன்னு அதுவே சொல்லுது. அதனால 'பீஸ் ஏரியா'ங்கிற ஒரே காரணத்தை வச்சு மறுத்திருந்தா, அதை எதிர்க்க ராணுவத்தோட சொந்த விதியே உங்க கையில இருக்கு.

2025 மே மாசம் ராஜுமோன் வழக்குலயும், காரணம் சொல்லாத மெடிக்கல் போர்டு முடிவை வச்சு பென்ஷனை மறுக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் திரும்பவும் சொல்லியிருக்கு.

ஆனா, எல்லா அப்பீலும் ஜெயிக்காது

இதையும் தெரிஞ்சுக்கணும். 2022 ஜூலையில முனுசாமி வழக்குல, நிபுணர்கள் இருக்கிற மெடிக்கல் போர்டு கருத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்கணும், அதைத் தீர்ப்பாயம் லேசா ஒதுக்கிட முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி, வீரருக்குக் கிடைச்ச உத்தரவை ரத்து பண்ணிச்சு.

2008 விதிகள்லயும், சர்வீஸ்ல இருக்கும்போது நோய் வந்துச்சுங்கிறது மட்டுமே போதாதுன்னு இருக்கு. அதுமட்டுமில்ல, வெளிய வந்து 15 வருஷம் கழிச்சுக் கேட்டா, நிரூபிக்கிற பாரம் கேட்கிறவர் மேல வந்துடும்னும் இருக்கு.

அதனால 'தரம்வீர் சிங் தீர்ப்பு இருக்கு, பணம் குடு'ன்னு ஒரு பக்கத்துல எழுதி அனுப்பினா வேலைக்கு ஆகாது. போர்டு சொன்ன காரணம் உங்க அப்பா விஷயத்துல ஏன் பொருந்தாதுங்கறதை, தேதியோட காட்டணும். அங்கதான் உங்க வேலை தொடங்குது.

வேலை 1: பேப்பரைச் சேர்க்கிறது

பெட்டியைத் திறந்து, இதெல்லாம் இருக்கான்னு பாருங்க.

* டிஸ்சார்ஜ் புக்
* பி.பி.ஓ
* ரிலீஸ் மெடிக்கல் போர்டு பேப்பர் (பாதியில அனுப்பப்பட்டவர்னா இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு)
* பென்ஷனை மறுத்து வந்த கடிதம். இதுல இருக்கிற தேதி ரொம்ப முக்கியம்.
* மிலிட்டரி ஆஸ்பத்திரியில அட்மிட் ஆன, டிஸ்சார்ஜ் ஆன சீட்டுகள், பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ
* அடிபட்டிருந்தா இன்ஜுரி ரிப்போர்ட், கோர்ட் ஆஃப் என்கொயரி பேப்பர்
* ஊர் வந்த பிறகு நாகர்கோவில் இ.சி.ஹெச்.எஸ் பாலிகிளினிக்லயோ ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்லயோ பார்த்த சீட்டுகள்

ஒவ்வொண்ணையும் போன்ல ஸ்கேன் பண்ணி, பேர்ல முதல்ல வருஷத்தைப் போட்டு சேமிச்சு வைங்க. பழைய ஃபேக்ஸ் தாளும் கார்பன் காப்பியும் மங்கிட்டே வரும். இன்னைக்குப் படிக்க முடியறது அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு படிக்க முடியாமப் போகலாம்.

போர்டு பேப்பர் இல்லைன்னா பயப்பட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, 10 ரூபாய் கட்டணத்துல, அப்பாவோட ரெக்கார்டு ஆபீஸுக்கு அவர் பேர்லயே மனு போடுங்க. 'மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள் முழுசும், சர்வீஸ் மெடிக்கல் ஆவணங்களும், மறுப்புக் கடிதமும் வேணும்'னு கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும்.

ரெக்கார்டு ஆபீஸ் எங்கன்னு தெரியலையா? மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டன். சிக்னல்ஸ்னா ஜபல்பூர். ஆர்ட்டிலரி நாசிக். ஏ.எஸ்.சி-யும் எம்.இ.ஜி-யும் பெங்களூரு. இ.எம்.இ செகந்திராபாத். ஏ.எம்.சி லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. விமானப்படைக்கு டெல்லி.

வேலை 2: காலக்கோடு போடுறது

ஒரு அப்பீலை உண்மையில ஜெயிக்க வைக்கிறது இதுதான். ஒரு நோட்டுல மூணு கட்டம் போடுங்க. முதல் கட்டத்துல வருஷம். ரெண்டாவதுல எந்த ஊர், என்ன வேலை. மூணாவதுல உடம்புக்கு என்ன ஆச்சு.

உதாரணத்துக்கு ஒரு ஹவில்தார் டிரைவர். 1998-ல 18 வயசுல 'ஷேப்-1'னு முழு ஃபிட்டா சேர்ந்தார்னு வச்சுக்குவோம். 2006-லிருந்து 2009 வரைக்கும் லடாக்ல கான்வாய் வண்டி. 2011-ல அம்பாலாவுல இருக்கும்போது, கழுத்து வலின்னு முதல்தடவை எம்.ஐ ரூமுக்குப் போறார். 2013-ல எம்.ஆர்.ஐ, 'சி5-சி6 டிஸ்க்'னு ரிப்போர்ட். மெடிக்கல் கேட்டகரி இறங்குது. 2022-ல ரிட்டயர். போர்டு எழுதுது: 'டீஜெனரேட்டிவ், பீஸ் ஏரியாவுல தொடங்கினது, நானா.'

இப்ப காலக்கோட்டைப் பாருங்க. முதல் வலி வந்தப்ப அவருக்கு வயசு 31. அதை 'வயசானதால வந்த தேய்மானம்'னு சொன்னா, 31 வயசுல ஏன் தேஞ்சதுன்னு போர்டு சொல்லணும் இல்லையா? அம்பாலாவுக்கு வர்றதுக்கு முன்னாடி மூணு வருஷம் மலைப்பாதையில ஓட்டின வண்டியை அது கணக்குல எடுத்துச்சா? அப்படியே வேற காரணத்தால வந்ததுன்னாலும், கேட்டகரி இறங்கின பிறகும் அவர் என்ன வேலை பார்த்தார்? அது நோயை அதிகமாக்கலைன்னு போர்டு எந்த இடத்துலயாவது காரணம் எழுதியிருக்கா?

இந்தக் கேள்விகள்தான் அப்பீல். சட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. ஆனா இதுக்கு அப்பா வாயைத் திறக்கணும். 'முதல்ல எப்ப வலிச்சது?'ன்னு கேட்டா 'ஞாபகம் இல்லை'ம்பார். 'எந்த ஊர்ல இருந்தப்ப?', 'அப்ப யார் சி.ஓ?', 'நான் எந்த கிளாஸ் படிச்சேன்?'னு கேட்டுப் பாருங்க. தேதி தானா வரும்.

கழுத்தும் முதுகும் ரெண்டுமே பிரச்னைன்னா, ரெண்டும் தனித்தனியா போர்டு பேப்பர்ல இருக்கான்னு பாருங்க. தனித்தனி சதவிகிதம் போட்டு, கடைசியில 'காம்போசிட்'னு ஒரு மொத்தம் கொடுப்பாங்க. அது நேரடிக் கூட்டல் இல்லை. 20-ம் 20-ம் சேர்ந்து 40 வரணும்னு கட்டாயம் கிடையாது.

லீவுல வர்ற வழியில விபத்தான்னும் கேளுங்க. அரசு செலவுல பயணம் பண்ற தகுதியோட, யூனிட்லிருந்து ஊருக்கு வர்றதும் திரும்பிப் போறதும் டியூட்டியாவே கணக்கு. ஊருக்கு வந்த பிறகு சொந்த வேலையா பைக்ல போய் விழுந்தது அப்படி இல்லை.

வேலை 3: படிக்கட்டு ஏறுறது

முதல் அப்பீல்: மறுப்புக் கடிதம் வந்து 6 மாசத்துக்குள்ள, முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு. எந்த முகவரிக்குன்னு மறுப்புக் கடிதத்துலயே இருக்கும். காலக்கோடு, போர்டு சொன்ன காரணத்துக்கு ஒவ்வொண்ணா பதில், ஆவண நகல்கள், தீர்ப்புகளோட பேரும் தேதியும் - இவ்வளவு போதும். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க.

ரெண்டாவது அப்பீல்: அதுவும் மறுக்கப்பட்டா, அடுத்த 6 மாசத்துக்குள்ள ரெண்டாவது குழுவுக்கு.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம்: 2007-ம் வருஷச் சட்டப்படி அமைஞ்சு, 2009-லிருந்து செயல்படுது. ஏ.எஃப்.டி-ன்னு சொல்வாங்க. அப்பீல்ல கடைசி உத்தரவு வந்து 6 மாசத்துக்குள்ள இங்க போகணும். அப்பீல் போட்டு 6 மாசமாகியும் பதிலே இல்லைன்னாலும், அதுக்கு அடுத்த 6 மாசத்துக்குள்ள போகலாம்.

நம்ம மாவட்டத்துக்காரங்க இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கொட்டாரத்துக்குத் திருவனந்தபுரம் பக்கம், கொச்சியும் சென்னையைவிடப் பக்கம். கொச்சியில ஒரு ஏ.எஃப்.டி பெஞ்ச் இருக்கு. ஆனா அது கேரளா, கர்நாடகாவுக்கு. ரிட்டயர் ஆனவர் தான் குடியிருக்கிற இடத்தை வச்சு வழக்குப் போடலாம்னு விதி சொல்லுது. நாம 1956 நவம்பர் 1-லிருந்து தமிழ்நாடு. அதனால நமக்குச் சென்னை பெஞ்ச்தான்.

ஏ.எஃப்.டி-யில வக்கீல் வச்சும் வாதாடலாம், நேராவும் ஆஜராகலாம். தீர்ப்பாயம் நினைச்சா, புதுசா ஒரு மெடிக்கல் போர்டு வச்சுப் பார்க்கச் சொல்லவும் முடியும். ஏ.எஃப்.டி உத்தரவுக்கு எதிரா உயர் நீதிமன்றம் போகலாம்னு 2023 மார்ச்ல பர்ஷோத்தம் தாஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியிருக்கு. அரசும் அதே வழியில போகும். அதனால ஏ.எஃப்.டி-யில ஜெயிச்ச அன்னைக்கே பணம் வந்துடும்னு நினைக்காதீங்க.

அப்பா சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் மாதிரி மத்திய ஆயுத போலீஸ்ல இருந்தவரா? அவங்க ஏ.எஃப்.டி-க்குள்ள வரமாட்டாங்க. விதியும் வேற. துறையில அப்பீல் பண்ணி, தேவைப்பட்டா உயர் நீதிமன்றம் போகணும். நமக்கு மதுரைக் கிளை.

'இருபது வருஷம் ஆச்சே... இனிமே முடியுமா?'

முடியும். தர்செம் சிங்னு ஒருத்தர். 1983-ல வெளிய அனுப்பப்பட்டவர், 1999-லதான் கோர்ட்டுக்குப் போனார். பென்ஷன் மறுப்புங்கிறது மாசா மாசம் தொடர்ந்து நடக்கிற பாதிப்பு, அதனால தாமதத்தை மட்டுமே சொல்லித் தள்ள முடியாதுங்கிற கொள்கையை 2008-ல அவர் வழக்குல சுப்ரீம் கோர்ட் விளக்கிச்சு. ஆனா பழைய பாக்கியை, வழக்குப் போட்ட தேதிக்கு முந்தின 3 வருஷத்தோட நிறுத்திடுச்சு. பொதுவா இந்த 3 வருஷக் கணக்கைத்தான் தீர்ப்பாயங்களும் எடுத்துக்குது.

இதோட அர்த்தம் புரியுதா? தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும், பழைய பாக்கியில ஒரு மாசம் உங்க கையைவிட்டுப் போகுது. நம்ம உதாரணக் கணக்குப்படி மாசம் 6,000. பத்து வருஷம் சும்மா இருந்தவருக்கு, ஏழு வருஷப் பணம் போனது போனதுதான். 15 வருஷம் தாண்டினா நிரூபிக்கிற பாரமும் நம்ம தலையில.

அப்பா இல்லாத வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஏ.எஃப்.டி சட்டம் வாரிசுகளையும் சேர்த்துத்தான் சொல்லுது. அவருக்குச் சேரவேண்டியதை அம்மா கேட்கலாம்.

யாரைக் கேட்கலாம், யாரை நம்பக் கூடாது?

நாகர்கோவில்ல மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு. முதல்ல அங்க போங்க. கடிதம் எழுதவும் சரியான முகவரிக்கு அனுப்பவும் வழி சொல்வாங்க. வக்கீலுக்குச் செலவு பண்ண முடியலைன்னா, சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்க. 1987-ம் வருஷச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமான வரம்புக்குக் கீழ இருக்கிறவங்க இலவச சட்ட உதவி கேட்கலாம்.

'ஜெயிச்சா அரியர்ஸ்ல பாதி எனக்கு'ன்னு யாராவது சொன்னா, அங்கிருந்து கிளம்பிடுங்க. வழக்கோட முடிவை வச்சுக் கட்டணம் பேசறதும், கிடைக்கிற பணத்துல பங்கு கேட்கிறதும் பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குத் தடை. 'ஸ்பர்ஷ்' பாஸ்வேர்டையும் ஓ.டி.பி-யையும் எந்த ஏஜென்ட்டுக்கும் கொடுக்கச் சொல்லாதீங்க.

யூடியூப்ல தேடினா, முதல்ல அமெரிக்க வீடியோதான் வரும். அங்க 'நெக்சஸ் லெட்டர்'னு ஒரு தனியார் டாக்டர் கடிதம் பெரிய ஆயுதம். சதவிகிதத்தையும் கழுத்து எத்தனை டிகிரி குனியுதுன்னு அளந்து போடுவாங்க. 15 டிகிரிக்கு மேல முன்னால குனிய முடியலைன்னா 30 சதவிகிதம். கேட்க நல்லா இருக்கும். ஆனா நம்ம முறை அது இல்லை. இங்க தனியார் டாக்டர் சர்ட்டிஃபிகேட் துணைக்கு நிக்கும், அவ்வளவுதான். எடை அதிகம் ராணுவத்தோட சொந்தப் பதிவுகளுக்குத்தான். அதனால நாலாயிரம், அஞ்சாயிரம் கொடுத்துப் புது ரிப்போர்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி, 10 ரூபாய் ஆர்.டி.ஐ-யைப் போடுங்க.

பென்ஷனுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கேஸ் நடக்கட்டும், உடம்பு காத்திருக்காது. கையில பிடிமானம் குறையுது, நடை தள்ளாடுது, காலை ஊன்ற முடியலை, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமப் போகுது, தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போகுது... இதுல எது இருந்தாலும் அது 'வயசான வலி' இல்லை. நரம்பு நசுங்குற அறிகுறி. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கழுத்தைப் பிடிச்சுச் சொடக்கு எடுக்கிற வைத்தியமெல்லாம் அந்த நேரத்துல வேண்டவே வேண்டாம்.

பட்டாளத்துல வலியைச் சொல்லாம இருக்கிறதே ஒரு பழக்கம். எம்.ஐ ரூமுக்கு அடிக்கடி போனா 'சிக் ரிப்போர்ட்' ஆளுன்னு பேர் வரும்னு பயந்து, மாத்திரையை வாங்கிப் போட்டுட்டுப் பரேடுக்குப் போனவங்க அவங்க. அந்தப் பழக்கம்தான் பேப்பர்ல பதிவு இல்லாமப் போனதுக்கும் ஒரு காரணம். இப்ப 'எனக்கு எதுக்குடே அந்தப் பணம்'னு சொல்லலாம். இது யாரோ இரக்கப்பட்டுத் தர்ற பணம் இல்லை, சர்வீஸ் விதியிலேயே எழுதியிருக்கிற உரிமைன்னு பொறுமையா எடுத்துச் சொல்லுங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. மறுப்புக் கடிதத்தைத் தேடி எடுத்து, அதுல என்ன தேதி, என்ன காரணம்னு படிங்க. 6 மாசம் தாண்டலைன்னா அப்பீலை எழுதத் தொடங்குங்க. தாண்டியிருந்தா, தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து எழுதுங்க. கடிதமே இல்லைன்னா, ஆர்.டி.ஐ மனுவை நாளைக்கே போஸ்ட் பண்ணுங்க.